விசா வேறு, வேலை வேறு



நம் பிள்ளைகள் பலர் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் கனடா போகிறார்கள். 2015 ஜனவரியில் வந்த குடியேற்ற முறை இது. வயது, படிப்பு, மொழித்திறன், அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. இவ்வளவு புள்ளி போட்டுக் கூப்பிட்டவர்கள் வேலை தராமலா இருப்பார்கள் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறோம். புள்ளி போட்டது அரசு. வேலை தரவேண்டியது கம்பெனி. சில தொழில்களில் இருவருக்கும் நடுவே உரிமம் தரும் அமைப்பு ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பட்டம் கனடாப் பட்டத்துக்குச் சமம் என்று விசாவுக்காக வாங்கும் சான்றிதழ், தொழில் உரிமம் ஆகாது.

ஒன்டாரியோ மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். நர்ஸ், டாக்டர், எலக்ட்ரீஷியன் யாரும் அங்கே உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. சிவில் படித்தவர் உரிமம் பெற்ற இன்ஜினியரின் கீழ் வேலை பார்க்கலாம். தன்னை இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ளத்தான் கூடாது. இருபது வருடம் பாலம் கட்டியவருக்கு இது கசக்கத்தான் செய்யும்.

அடுத்தது, ‘கனடா அனுபவம் உண்டா?’ என்ற கேள்வி. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! இந்த நிபந்தனை பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. அங்கே இன்ஜினியர் உரிமத்துக்குக் கனடாவில் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதி 2023-ல் போனது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒன்டாரியோ கம்பெனிகள் வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கவே கூடாது. விளம்பரத்தில் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆள் எடுப்பவரை எந்தச் சட்டம் பிடிக்கும் என்பது வேறு கதை.

நம் பக்கமும் திருத்திக்கொள்ள வேண்டியது உண்டு. ஊரில் எழுதிய பயோடேட்டாவைப் பாருங்கள். மூலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தகப்பனார் பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனவரா, அடியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்று கையெழுத்து. அங்கே இதில் ஒன்றுமே வேண்டாம். இரண்டு பக்கம் போதும். நீங்கள் செய்த வேலையும், அதனால் கம்பெனிக்கு என்ன மிச்சமானது என்பதும் இருந்தால் சரி.

நேர்காணலிலும் நமக்கு ஒரு பழக்கம்: “நாங்க அந்த புராஜெக்டை முடிச்சோம்” என்போம். ‘நான்’ என்றால் தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவர்கள். எதிரே இருப்பவருக்கோ, இவர் தனியாக என்ன செய்தார் என்பதே புரியாது. அடக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, “இந்த டிசைன் நான் போட்டது” என்று சொல்லிப் பழகவேண்டும்.

படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை, வாடகை கட்டக் கிடங்கில் பெட்டி தூக்குவதில் இழிவு எதுவுமில்லை. மாலை ஷிப்ட் கிடைத்தால் நல்லது, பகலில் நேர்காணலுக்குப் போகலாம்.

கிளம்பும் முன்பே பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி, உரிம விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். டொரொன்டோ போய்ச் சேர்ந்தபின் அதற்காக ஊரிலிருக்கும் மாமாவை அலைய விடாதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் ஆள்சேர்ப்பவர் கட்டணம் வாங்குவது ஒன்டாரியோவில் சட்டவிரோதம். ரெஸ்யூமே எழுதவும் நேர்காணலுக்குப் பழகவும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு உதவும் குடியேறியோர் சேவை மையங்கள், அரசு நிதியில் இலவசமாகவே நடக்கின்றன.