கடனின்றிக் கற்ற வைத்தியம்

(சங்கத்தின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வைத்தியப் படிப்பைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். பிள்ளை தவழுமுன்னரே அவனை டாக்டராக்கிவிடும் பெற்றோர் மலிந்த ஊர் நமது ஊர். ஆகவே நம்மூர்க் கதையை விடுத்து, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பின மாணவரும் பிற சிறுபான்மை மாணவரும் கியூபாத் தீவிலே வைத்தியம் கற்ற வரலாற்றை எடுத்துக்கொண்டோம்.

செல்வ நாட்டிலிருந்து வறிய நாட்டுக்குப் படிக்கப் போவதேன்? 1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பார் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்து, தரங்குறைந்தவை மூடப்படவேண்டுமென அறிக்கை வெளியிட்டார். தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் கறுப்பினத்தவர்க்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் ஐந்து மறைந்தன; ஹவார்ட், மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. வெள்ளையர் கல்லூரிகளோ நெடுங்காலம் பெரும்பாலும் அவர்க்குக் கதவடைத்தே இருந்தன. மூடியதற்கு ஈடாக ஒன்றைத் திறவாத சீர்திருத்தம் அரைச் சீர்திருத்தமென்றே நாம் கொள்கிறோம். இன்றைய தடை பணம். அங்கே வைத்தியராய் வெளியேறுவோர் பலர் இரண்டு இலட்சம் டாலர் அளவிற் கடன் சுமக்கின்றனர். கடனாளி வைத்தியன் ஏழைக் கிராமத்தை நாடுவானா?

1998இல் மிட்ச், ஜோர்ஜ் என்னும் சூறாவளிகள் மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் பாழாக்கின. கியூபா அங்கே வைத்தியரை அனுப்பியது. அவர்கள் திரும்பிய பின் நோயாளரை யார் பார்ப்பது? அந்தந்த நாட்டுப் பிள்ளைகளையே பயிற்றுவதென முடிவாயிற்று. ஹவானாவுக்கு அண்மையிலிருந்த பழைய கடற்படைக் கல்லூரி, 1999இல் இலத்தீன் அமெரிக்க வைத்தியக் கல்லூரி ஆயிற்று. போர் பயிற்றிய இடத்திலே பிணி தீர்க்கப் பயிற்றுவது நல்ல மாற்றந்தான்.

2000ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலப் பிரதிநிதி பென்னி தொம்சன், தமது தொகுதியில் வைத்தியரில்லாத இடங்கள் உளவென பிடல் காஸ்ட்ரோவிடம் கூறினார். உங்கள் பிள்ளைகளுக்கும் இடந்தருவோம் என்றார் காஸ்ட்ரோ. அவ்வாண்டு செப்டெம்பரில் நியூயோர்க் நகரின் ரிவர்சைட் தேவாலயத்திலே இதனைப் பகிரங்கமாகவும் அறிவித்தார். மாணவரைத் தெரிந்தனுப்பும் பணியை லூசியஸ் வோக்கர் என்னும் போதகரின் அமைப்பு ஏற்றது. கம்யூனிஸ்டு அரசும் கிறிஸ்தவப் போதகரும் கைகோத்தது சிலருக்கு விசித்திரம். மிஷன் பாடசாலையில் ஒதுங்கிய சைவப் பிள்ளைகளாகிய நமக்கு அத்துணை விசித்திரமன்று.

2001இல் முதன் மாணவர் சென்றனர். படிப்பு, உணவு, உறையுள் யாவும் இலவசம். சுகவாழ்வென எண்ணவேண்டாம். ஒரே அறையிற் பலர் படுக்கை, ஆறாண்டுப் படிப்பு, அதற்குமுன் ஸ்பானிய மொழி. 1848இல் மானிப்பாயில் வைத்தியம் பயிற்றத் தொடங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் கிறீன், பின்னர் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். அத்தகைய வசதி இவர்க்கு வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு, 2004இல் அமெரிக்க அரசு கியூபாப் பயணத்தை இறுக்கியது. காங்கிரஸ் உறுப்பினர் சிலர் வாதாடியே மாணவர்க்கு விலக்குப் பெற்றனர். 2005இல் முதல் அமெரிக்கர் பட்டம் பெற்றார்.

பகைநாட்டின் பிரசாரம் என்பர் சிலர். பிரசாரமும் உண்டு, மறுக்கமாட்டோம். ஆயினும் காய்ச்சலிற் கிடப்பவன் தன்னைத் தொட்டுப் பார்ப்பவரின் பட்டம் எந்நாட்டதெனக் கேளான்.

இவ்வுதவிக்குக் கைம்மாறு ஒரு வாக்குறுதி மாத்திரமே: வைத்தியர் குறைந்த இடத்திலே சேவை செய்வோம் என்பது. ஒப்பந்தமில்லை, தண்டமில்லை. நாடு திரும்பியோர் அமெரிக்கப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மீண்டும் எழுதி, மருத்துவமனைப் பயிற்சிக்கு இடந்தேடவும் வேண்டும். இத்தனைக்குப் பின்னும் வாக்குறுதியை நினைவுகூருவது எளிதன்று.

நாமோ 1945இல் வந்த இலவசக் கல்வியில் வளர்ந்தோர். வாக்குறுதி எதுவும் எவரும் நம்மிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? வைத்தியம் பயிலும் நண்பர் மூவர் முன்வரிசையில் இருக்கின்றனர். கலந்துரையாடலை அவர்களே தொடங்கிவைப்பார்களாக.