கருவியும் கண்ணும்



நாள்தோறும் ஒரு படமெடுத்து நண்பரோடு பகிர்ந்து மகிழும் வழக்கம் இன்று வெலிமடை போன்ற மலையூர்களிலும் காணப்படுகின்றது. மூடுபனியும், உருளைக்கிழங்குப் பாத்தியும், கொழுந்துக் கூடையும் படமாகின்றன. சில திங்களில், “இதைவிட நல்ல கமரா வாங்கலாமா?” என்ற ஆசை எழுகின்றது.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கில அம்மையாருக்கு முதற் கமரா 1863இல், தமது 48ஆம் வயதில், மகள் தந்த பரிசாகக் கிடைத்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. 1875இல் இலங்கைக்குக் குடிவந்த அவர், கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879இல் மலைநாட்டிலேயே மறைந்தார். அம்முகங்கள் இன்றும் நம்மை நோக்குகின்றன. ஆயினும், அவர்களுட் பலரின் பெயரை நாம் அறியோம்.

இக்குறையை விலையுயர்ந்த கமரா தீர்க்குமா? தீர்க்காது. மங்கிய ஒளியிலோ தொலைவிலோ கைக்கருவி தோற்கும்போது புதியதை வாங்குங்கள், அதற்கு முன்பன்று. லயத்து வாயிலில் ஒரு பாட்டியைப் படமெடுத்தால், முதலில் அவரது இசைவைப் பெறுங்கள். பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதிவையுங்கள். ஒரு படியை அவர் கையிலும் கொடுங்கள்.