முடிவு தெரிந்த கதை



நூலொன்றைப் படிக்கலாமா, வேண்டாமா என்னும் வினாவுக்குப் பத்துப் பக்கம் புரட்டினால் விடை கிடைத்துவிடும். பத்தாண்டுகள் ஓடி முடிந்த ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கத் தொடங்கலாமா என்னும் வினாவோ அத்துணை எளிதன்று. ஏனெனில், அங்கே செலவாவது வாழ்நாளின் ஒரு பகுதி. எதனை அளவுகோலாகக் கொண்டு முடிவு செய்வது என்பதை ஒரு சான்று கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே மாதத்தில் நிறைவுற்ற 'ஸ்மால்வில்' அச்சான்று. ஆல்ஃபிரட் கோஃப், மைல்ஸ் மில்லர் ஆகிய இருவர் உருவாக்கிய இத்தொடரில் பத்துப் பருவங்கள், 217 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 42 நிமிடம். கூட்டினால் 150 மணி நேரம் தாண்டும். நாளுக்கு ஒரு பகுதி பார்ப்பவருக்கு ஏழு மாதங்கள் வேண்டும். பணிக்குச் சென்று திரும்பிப் பிள்ளைகளின் படிப்பையும் கவனிக்கும் ஒருவருக்கு ஏழு மாத மாலைப்பொழுது சிறிய பொருளன்று.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. கதையின் முடிவு உலகறிந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் படைத்து, 1938-இல் படக்கதை இதழில் வெளிவந்த சூப்பர்மேனின் இளமைப் பருவமே இத்தொடர். கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூரொன்றில் உழவர் குடும்பத்தில் வளரும் கிளார்க் கென்ட், இறுதியில் சூப்பர்மேன் ஆவான். அவனுடைய நண்பன் லெக்ஸ் லூதர் அவனுக்குப் பெரும்பகைவன் ஆவான். இரண்டும் தெரிந்த பின் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பது இயல்பே.

விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்க்கும் ஊரார் இக்கேள்வியைக் கேட்பதில்லை. துரியோதனன் வீழ்வான் என்பது அறியாமலா அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்? எப்படி வீழ்கிறான், எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம் என்பதைக் காணவே அமர்ந்திருக்கிறார்கள். 'ஸ்மால்வில்' தொடரின் உயிரும் அவ்விடத்தில்தான் இருக்கிறது. பறத்தலும் இல்லை, அந்தப் புகழ்பெற்ற உடையும் இல்லை என்று படைப்பாளர் தமக்குத் தாமே ஒரு விதி வகுத்துக்கொண்டனர். வீரச்செயலைப் பின்னுக்குத் தள்ளி, வளர்ப்பை முன்னுக்குக் கொணர்ந்தது அவ்விதி.

முதற்பகுதியிலேயே லெக்ஸின் மகிழுந்து கிளார்க்கின் மீது மோதிப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. நீரில் மூழ்கிய லெக்ஸைக் கிளார்க் காப்பாற்றுகிறான். நட்பு அங்கே பிறக்கிறது. மோதுண்டவன் எப்படிப் பிழைத்தான் என்னும் ஐயமும் அங்கேயே பிறக்கிறது. ஒருவன் உண்மையை மறைக்க வேண்டியவன். மற்றவன் உண்மையை அறியாமல் அமைதி கொள்ளாதவன். இந்நட்பு முறிவதற்குத் தீயவன் ஒருவன் தேவைப்படவில்லை.

இருவருக்கும் வாய்த்த தந்தையரும் எதிரெதிரானவர்கள். ஜொனாதன் கென்ட் தம் வளர்ப்பு மகனுக்கு வலிமையை அடக்கக் கற்பிக்கிறார். லயனல் லூதர் தம் மகனை ஒவ்வொரு நாளும் சோதித்தே வளர்க்கிறார். கிளார்க்கைச் சுமந்து வந்த கலத்தோடு பொழிந்த விண்கற்களே அவன் விரும்பும் லானாவின் பெற்றோரைக் கொன்றன என்னும் குற்றவுணர்வும் அவனைத் தொடர்கிறது. 2006 சனவரியில் ஒளிபரப்பான நூறாவது பகுதியில், லானாவின் சாவை மாற்றக் காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான் கிளார்க்; அதற்கு விலையாகத் தந்தையை இழக்கிறான். எத்துணை ஆற்றல் இருப்பினும் இழப்பின் கணக்கை நேர்செய்ய இயலாது என்பதை அப்பகுதி காட்டுகிறது.

நெஞ்சை விட்டு நீங்காத மற்றொரு பகுதி, இரண்டாம் பருவத்தில் 2003-இல் வந்த 'ரொசெட்டா'. 1978-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சூப்பர்மேனாகப் பறந்த கிறிஸ்டோபர் ரீவ், 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்த அறிவியலறிஞராக அவர் தோன்றி, கிளார்க்கிடம் அவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்கிறார். 2004-இல் ரீவ் மறைந்தார். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் கதையை ஒப்படைக்கும் காட்சியாக அது நிலைத்துவிட்டது.

குறைகளும் உள. முதற்பருவத்தில் வாரந்தோறும் விண்கல்லால் ஆற்றல் பெற்ற ஒருவர் வந்து தீங்கு செய்து அடங்குகிறார். இவ்வாய்பாடு விரைவில் சலிப்பூட்டும். கிளார்க், லானா காதல் சேர்வதும் பிரிவதுமாக நீள்கிறது. ஏழாம் பருவத்தின் முடிவில், 2008-இல், படைப்பாளர் இருவரும் விலகினர். லெக்ஸாக நடித்த மைக்கேல் ரோசன்பாமும் விலகி, இறுதிப் பகுதிக்கே திரும்பினார். பிற்பகுதி கிளார்க்கும் லோயிஸ் லேனும் பணிபுரியும் நகரத்து நாளிதழையும் பிற வீரர்களையும் சுற்றிச் செல்லும் வேறொரு தொடர் போன்றதே.

இன்னொன்றையும் மறைத்தல் முறையன்று. கிளார்க்கின் உற்ற தோழி குளோயியாக நடித்த நடிகை, பெண்களை அடிமைப்படுத்திய ஒரு குழுவின் வழக்கில் 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2021-இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தொடரின் மிக நேர்மையான பாத்திரங்களுள் ஒன்று குளோயி. நடித்தவரை மறந்து பாத்திரத்தைக் காண இயலாதவர் இத்தொடரை ஒதுக்கினால் அதனைக் குறை கூறுவதற்கில்லை. இயலும் என்பவரையும் அவ்வாறே.

ஆகவே, பகுதிகளின் எண்ணிக்கையோ, முடிவு தெரிந்திருப்பதோ அளவுகோல் ஆகா. ஒரு தொடர் எழுப்பும் வினாவோடு பல மாதம் வாழ ஒருவருக்கு விருப்பம் உண்டா என்பதே அளவுகோல். வலிமை பெற்ற பிள்ளை நல்லவனாக வளர்வது எதனால், அன்புக்கு ஏங்கிய பிள்ளை கெட்டுப்போவது எதனால் என்பதே 'ஸ்மால்வில்' எழுப்பும் வினா. முதற்பகுதியையும் 'ரொசெட்டா'வையும் பார்த்த பின்னும் அவ்வினா உள்ளத்தைத் தொடவில்லையெனில், தயக்கமின்றி விட்டுவிடலாம். தொட்டதெனில், ஏழாம் பருவம் வரை சென்று நிறுத்தினாலும் முழுமைக்குக் குறைவில்லை. தொடங்கியதை முடித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் வேலைக்கு உண்டு, கலைக்கு இல்லை.

மாலைப்பொழுது திரும்பி வருவதில்லை. அதனை எவருடைய கதைக்குத் தருவது என்று எண்ணித் தருபவரே நல்ல சுவைஞர்.