இளையோர் நாவல்களில் அன்பும் துயரும்



கழுகுமலையில் வளரும் பிள்ளைகள் வெட்டுவான் கோயிலின் கதையைக் கேட்டே வளர்கிறார்கள். கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எழுப்பிய அந்தத் தளி முற்றுப்பெறாமலே நிற்கிறது. அது ஏன் முற்றுப்பெறவில்லை என்பதற்கு ஊர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. தந்தையும் மகனும் சிற்பிகள். இருவரும் இம்மலையில் தனித்தனியே வேலை செய்தனர். மகனின் கைத்திறன் தன்னை விஞ்சுவதைப் பொறாத தந்தை, மகனை அடித்துக் கொன்றான், உளி ஓய்ந்தது, கோயில் பாதியில் நின்றது. இது செவிவழிக் கதை, வரலாறு அன்று. ஆயினும், இக்கதையைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று எந்தப் பாட்டியும் எண்ணியதில்லை.

இக்கதையில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மகன் இறந்ததும் கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் விடியற்காலையில் அந்தத் தந்தை என்ன செய்தான்? தாய் எவ்வாறு அறிந்தாள்? தம்பி ஒருவன் இருந்திருந்தால் அவன் யார் முகத்தைப் பார்த்து அழுதிருப்பான்? வாய்மொழிக் கதை இவற்றைக் கேட்பதில்லை. கதை நிற்கும் இந்த இடத்தில்தான் நாவல் தொடங்குகிறது. சாவைச் சொல்லுதல் எளிது. சாவிற்குப் பிந்திய நாட்களைச் சொல்லுதலே நாவலின் பணி. அந்த நாட்களை வாழ வேண்டியவன் பதினைந்து வயதினனாக இருப்பின், பணி இன்னும் கடினமாகிறது.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கென எழுதப்படும் நாவல்களை இளையோர் நாவல்கள் என்று இன்று வழங்குகின்றனர். அமெரிக்காவில் எஸ்.இ.ஹின்டன் என்னும் பெண், தம் 18ஆம் வயதில், 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற நாவல் அங்கு இவ்வகை வேரூன்ற உதவியது. தமிழிலோ நெடுங்காலம் இரண்டு அலமாரிகளே இருந்தன. ஒன்றில் அம்புலிமாமாவும் கோகுலமும் வளர்த்த சிறுவர் இலக்கியம். மற்றொன்றில் பெரியவர்களுக்கான தொடர்கதைகளும் நாவல்களும். மீசை அரும்பும் வயதினனும், தாவணி போட்ட வயதினளும் முதல் அலமாரியை விட்டு நகர்ந்து, இரண்டாவது அலமாரியைப் பெற்றோர் அறியாமல் திறந்தனர். அவர்களுக்கென்று ஓர் அலமாரி இருந்ததில்லை.

வானம் பார்த்த கரிசல் பூமியில் இந்தக் குறை சிறிதன்று. பருத்தியும் கம்பும் பொய்த்த ஆண்டுகளில், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ வண்டிகளில் ஏறினர். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் குடும்பத்தைத் தாங்கினர். 14 வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுத்துவதைத் தடை செய்து 1986ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. நடைமுறை மாறப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. சம்பாதிக்கும் வயது வந்துவிட்டதாகக் கருதப்பட்ட அப்பிள்ளைகளுக்குக் காதலிக்கும் வயதும் கலங்கும் வயதும் வந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் பெரியவர்கள் தயங்கினர்.

துயரத்திற்கு இம்மண்ணில் வடிவங்கள் உண்டு. பெண்கள் கூடியிருந்து ஒப்பாரி வைப்பார்கள். ஆண்களுக்குக் கொட்டுச் சத்தமும் காரியச் சடங்குகளும் உண்டு. பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன உண்டு? ஒப்பாரியில் அவனுக்கு இடமில்லை. சடங்கில் அவன் எடுபிடி. கண் கலங்கினாலோ, ‘ஆம்பளப் பிள்ள அழலாமா’ என்று தடுத்துவிடுவார்கள். அவ்வாறு வடிவம் மறுக்கப்பட்ட துயரம் எங்கே போகும்?

இவ்வினாவிற்குத் தமிழில் எழுதப்பெற்ற ஆழமான விடைகளுள் ஒன்று, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஆண்டிபட்டியில் பிறந்த பூமணியின் ‘வெக்கை’. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நாவலை அன்று எவரும் இளையோர் நாவல் என்று அழைக்கவில்லை. ஆயினும் அதன் கண்ணும் நெஞ்சும் சிதம்பரம் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனுடையவை. நிலத் தகராறில் அவனுடைய அண்ணனைப் பலிகொண்டவன் வடக்கூரான் என்னும் செல்வாக்குள்ள நிலக்கிழான். அவன் கையை மட்டும் வெட்டக் கருதிய சிதம்பரத்தின் வீச்சில் அவன் உயிரே போய்விடுகிறது. வீடு கலைகிறது. தாயும் தங்கையும் ஒருபுறம் போக, தந்தையும் மகனும் காடும் மலையும் ஓடையும் கரும்புத் தோட்டமுமாக ஒளிந்து திரிகின்றனர். இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகின்றனர்.

இந்நாவலில் துயரத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. சோறு பொங்குவது, தண்ணீர் தேடுவது, இரவு எங்கே படுப்பது என்பனவே பக்கங்களை நிரப்புகின்றன. அந்தச் சின்னஞ்சிறு வேலைகளின் நடுவே அண்ணனின் நினைவு வந்து போகிறது. தந்தையின் அன்பும் அவ்வாறே. அவர் மகனைக் கட்டித் தழுவி ஆறுதல் மொழிவதில்லை; உணவு தேடித் தருகிறார், விழித்திருந்து காக்கிறார், தம் இளமையில் தாமும் அநீதிக்கு எதிராகக் கை ஓங்கி ஊரை இழந்த கதையைச் சொல்கிறார். கரிசல் வீடுகளில் அன்பு பேசும் மொழி இதுவே. ‘சாப்பிட்டியா’ என்ற ஒரு சொல்லுக்குள் அங்கே எவ்வளவோ அடங்கிவிடும்.

பழிவாங்கும் கதைகள் பல உண்டு. அவற்றில் பழி தீர்ந்ததும் துயரமும் தீர்ந்துவிடுகிறது. ‘வெக்கை’ பழி தீர்ந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே அதன் தனிச்சிறப்பு. வடக்கூரான் மாண்ட பிறகும் அண்ணன் மாண்டவனாகவே இருக்கிறான். அவனோடு இப்போது வீடும், தாயின் கைச்சோறும், சிறுவயதும் போய்விட்டன. அழுது தீர்த்திருக்க வேண்டிய துயரம் அரிவாளாக மாறியது. அரிவாள் துயரத்தைக் குறைக்கவில்லை. இதனை அறிவுரையாகச் சொன்னால் எந்த இளைஞனும் செவிமடுக்கமாட்டான். சிதம்பரத்தோடு சில நாட்கள் முள்ளுக்காட்டில் நடந்து பார்த்தவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ 2019ஆம் ஆண்டில் வெளிவந்து, தேசிய விருதும் பெற்றது. திரைப்படம் தந்தையை நடுநாயகமாக்கியது. அது திரைக்கலையின் தேவையாக இருக்கலாம். ஆனால் நாவல் சிறுவனுடையது. படம் பார்த்த மாணவர்கள் நாவலையும் படித்தால், தம் வயதினன் ஒருவனின் மனம் அங்கே காத்திருப்பதைக் காண்பார்கள்.

‘வெக்கை’ இளையவனின் துயரத்தை உள்ளிருந்து காட்டுகிறது என்றால், இரா.நடராசனின் ‘ஆயிஷா’ என்னும் குறுநாவல் இளையவளுக்காகப் பெரியவர் படும் துயரத்தைக் காட்டுகிறது. பெற்றோரை இழந்து சித்தியிடம் வளரும் பள்ளிச் சிறுமி ஆயிஷா, கேள்வி கேட்டதற்காகவே ஆசிரியர்களிடம் அடிபடுகிறாள். அடியின் வலி தெரியாதிருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன்மீதே சோதித்து இறந்துபோகிறாள். அவளை நேசித்த ஆசிரியை ஒருத்தி இக்கதையைச் சொல்கிறாள். அன்பு இருந்தது, காப்பாற்றும் அளவுக்கு அது விழித்திருக்கவில்லை. தமிழக ஆசிரியர்கள் பலர் இந்நூலைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்ததற்குக் காரணம் அந்தக் குற்ற உணர்வே.

இனிக் காதல். கரிசல் எழுத்தில் இளமைக் காதலின் மிக நுட்பமான சித்திரம் நாவலில் அன்றிச் சிறுகதையில் அமைந்தது. ச.தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையின் நாயகி, சிறுவயது முதல் மனத்தில் வைத்திருந்த மச்சானைக் கைப்பிடிக்க இயலாமல் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அதை அவள் தாங்கிக்கொள்கிறாள். வெயிலில் நடந்து அவனைக் காணச் சென்று, அவன் வாழ்க்கை இனிதாக இல்லை என்று அறிந்தபோதுதான் உடைந்து அழுகிறாள். தன் இழப்பிற்கு அழாதவள் அவன் நலமின்மைக்கு அழுகிறாள். 2008ஆம் ஆண்டில் ‘பூ’ என்ற திரைப்படமாகவும் வந்த அக்கதை, அன்பும் துயரும் ஒரே ஊற்றிலிருந்து வருவதை உணர்த்துகிறது.

அந்தக் காதலுக்குக் குறுக்கே நின்றது வாழ்க்கை நிலை. சாதி குறுக்கே நிற்கும் காதலை நாவலாகக் காணக் கரிசலைக் கடந்து கொங்கு நாட்டிற்குச் செல்ல வேண்டும். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. மணம் புரிந்து கணவனின் ஊருக்கு வரும் சரோஜா என்னும் இளம்பெண்ணை அவ்வூர் எவ்வாறு நெருப்பு வரை துரத்துகிறது என்பதே கதை. இளம் காதலர்களின் உயிர் சாதியின் பெயரால் பறிக்கப்படும் செய்திகளை மாணவர்கள் நாளிதழில் படிக்கிறார்கள். நாளிதழ் எண்ணிக்கையைச் சொல்லும். அந்தப் பெண் அன்று காலையில் என்ன எண்ணியிருந்தாள் என்பதை நாவலே சொல்லும்.

இத்தகைய நூல்களை இளையோர் கையில் தரலாமா, பிஞ்சு மனம் வாடாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்போர் உண்டு. இக்கேள்வி எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சன், தம் மகனின் தோழியான சிறுமி மின்னல் தாக்கி இறந்தபின், மகனின் துயரத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியாக எழுதியது ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’. 1977இல் வெளிவந்து, மறு ஆண்டிலேயே நியூபெரி பதக்கம் பெற்ற அந்த நாவலையும் பள்ளிகளிலிருந்து அகற்றச் சொன்னோர் பலர். சாவு அந்நூலிலிருந்து சிறுவர் வாழ்க்கைக்குள் வரவில்லை. ஒரு சிறுவனின் வாழ்க்கையிலிருந்துதான் அந்நூலுக்குள் வந்தது. புத்தகத்தை மறைப்பதால் துயரம் மறைவதில்லை. துயருறும் பிள்ளை தனியனாவதே மிச்சம்.

எனினும் கேட்போரின் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அழவைப்பதற்கென்றே அடுக்கப்படும் சாவுகள் இளையோர்க்கு நன்மை செய்யா. வாசகனின் கண்ணீரைக் குறிவைக்கும் நூலுக்கும், வாசகனின் கண்ணீருக்குத் துணையிருக்கும் நூலுக்கும் வேறுபாடு உண்டு. பூமணி ஓரிடத்திலும் ‘அழு’ என்று வாசகனைத் தூண்டுவதில்லை. சோறு பொங்கும் இரு மனிதர்களைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். நல்ல இளையோர் நாவலை அறிந்துகொள்ள இந்த அளவுகோல் ஒன்றே போதும்.

மகிழத்தக்க செய்தியும் உண்டு. இளையோர் நாவல் என்ற பெயர் தமிழில் இன்று நிலைபெற்றுவிட்டது. கோவில்பட்டிக்காரரான உதயசங்கர், கீழடியைக் களமாகக் கொண்டு எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்னும் இளையோர் நாவலுக்கு 2023ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. அலமாரி வந்துவிட்டது. இம்மண்ணின் காதலும் சாவும் பிரிவும் சாதியின் கொடுமையும் அதில் இடம்பெறும் நாளே எதிர்பார்க்கத்தக்கது. அவற்றை எழுத வேண்டியவர்கள் இந்த அவையின் பின்வரிசையில் மாணவர்களாக அமர்ந்திருக்கக் கூடும்.

அதுவரை ஆசிரியர்களும் நூலகர்களும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை தந்தையை இழக்கும். ஒரு பெண்ணின் படிப்பு திருமணத்தால் நிற்கும். அவளுடைய தோழி வெறும் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்நாளில், ‘மனசைத் தேத்திக்கோ’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், ஏற்ற நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அது படித்து முடியும் வரை அருகிலிருந்து, முடிந்தபின் அப்பிள்ளை பேசுவதைக் கேட்டல் வேண்டும். பேசாவிடினும் குறையில்லை, அருகிலிருப்பதே போதும்.