ஆத்திரத்துக்கு ஆள் தெரியும்
(பெரியகுளம் தென்கரைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் புராணத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதைப் பேசினால் நீங்கள் கை தட்டுவீர்கள், எனக்கும் சுலபம். இன்று பேசப் போவது நம் வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றி. இதற்கு எத்தனை பேர் கை தட்டுகிறீர்களென்று பார்க்கிறேன்.

2019-21ல் இந்திய சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான 18 முதல் 49 வயதுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 29 பேர் புருஷனிடம் அடியோ உதையோ பலாத்காரமோ பட்டவர்கள். தமிழ்நாட்டில் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 38! பகுத்தறிவு நாடு என்று மார் தட்டுகிறோமே, அந்த நாட்டின் யோக்கியதை இது. "இங்கே பெண்கள் துணிந்து சொல்லுகிறார்கள், அதனால் எண் கூடுகிறது" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் விழுந்த அடி பொய்யாகிவிடுமா? மேலும் அதே கணக்கில், இந்தியாவில் வன்முறைக்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 77 பேர் உதவி தேடியதுமில்லை, ஒருவரிடம் வாய் திறந்ததுமில்லை என்றிருக்கிறது.

ஏன் அடிக்கிறாய் என்று கேட்டால், "ஆத்திரம் வந்துவிட்டது" என்பான். இல்லாவிட்டால் "குடித்திருந்தேன்" என்பான். தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏலத் தோட்டத்தில் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுகிறானே, அப்போது இவனுக்கு ஆத்திரம் வரவில்லையா? வருகிறது, ஆனால் கை எழும்புவதில்லை. குடித்துவிட்டு வரும் வழியில் போலீஸ்காரர் நிறுத்தினால், தள்ளாடுகிறவன் கும்பிடு போடுகிறான். வழியெல்லாம் இருந்த புத்தி வீட்டு வாசலில் மட்டும் எப்படி ஐயா காணாமற் போகிறது? ஆத்திரத்துக்கு ஆள் தெரியும். திருப்பி அடிக்க முடியாதவள் யார், கேட்க நாதியில்லாதவள் யார் என்று பார்த்துத்தான் அது பாய்கிறது.

ஊரானைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடுவது நியாயமல்ல. என் தகப்பனார் என் தாயாரை அடிப்பார். காலையில் முகம் வீங்கியிருக்கும். அண்டை வீட்டார் கேட்டால், "வாசற்படியில் இடித்துக்கொண்டேன்" என்பார் என் தாயார். எங்கள் வீட்டு வாசற்படி அவ்வளவு உயரமுமில்லை. இதைப் பார்த்து வளர்ந்த நான், மணமான முதல் வருஷத்தில், பெண் விடுதலையைப் பற்றி ஒரு மணி நேரம் மேடையில் பேசிவிட்டுப் போன ராத்திரியே என் மனைவியை அறைந்தேன். அவர் அழவில்லை. "மைக்கில் பேசினது யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்று பதில் வரவில்லை. இன்றும் இல்லை.

"அப்படியானால் அவள் ஏன் அங்கேயே கிடக்கிறாள்?" என்று கேட்கிறீர்கள். எங்கே போவாள்? மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் ஓர் ஆராய்ச்சி செய்து 2005ல் வெளியிட்டார்கள். நிலமோ வீடோ இல்லாத ஸ்திரீகளில் நூற்றுக்கு 49 பேர் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் தம் பேரில் உள்ளவர்களில் 7 பேர்தான்! போவதற்கு ஓர் இடமிருக்கிறதென்று தெரிந்தால் ஓங்கின கையும் யோசிக்கிறது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சமசொத்து வேண்டுமென்று தீர்மானம் போட்டபோது சிரித்தார்கள். தமிழ்நாட்டில் 1989லும், இந்தியா முழுதுக்கும் 2005லும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு சட்டமாயிற்று. நாம் என்ன செய்கிறோம்? "சீர் செய்தாயிற்றே" என்று தங்கையை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பிறகு அவள் அடிபட்டு வந்து நின்றால், "கல்லானாலும் கணவன்" என்று அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறோம். அடிக்கிறவனுக்கு நாமும் கூட்டாளிதானே?

2006 அக்டோபர் 26 முதல் அமுலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல. அதே வீட்டிலிருக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் உண்டு. வீடு யார் பேரில் இருந்தாலும் அவளைச் சட்டப்படியல்லாமல் வெளியே தள்ள முடியாது. பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னால் அவர் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதுவார்; மனு போய்ச் சேர்ந்த 3 நாளுக்குள் சாதாரணமாக முதல் விசாரணை வைக்கவேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. வாஸ்தவத்தில் தாமதம் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் கூடப் போக ஆள் வேண்டும் என்கிறேன்.

மேடைக்கு இடப்பக்கம் மேஜை போட்டு நம் இயக்கத் தாய்மார் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி ஆபீஸ் விலாசமும், 181 என்ற இலவச டெலிபோன் எண்ணும் துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஆண்கள் வலப்பக்கமாகவே வெளியே போய்விடுங்கள். யார் அந்த மேஜைக்குப் போகிறார்களென்று ஒருவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.