சேற்றில் நடந்த வகுப்பு

(மாணவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பணி. ஒருமுறை, கடலோரச் சதுப்பு நிலத்தைப் 'பயனற்ற நிலம்' என்று எழுதிவிட்டேன். அச்சேறிய பின்பே அச்சொல் உறுத்தியது. யாருக்குப் பயனற்றது? அச்சேற்றில் நண்டும் இறாலும் பிடித்து வாழ்வோரை ஒரே சொல்லில் அழித்துவிட்டேனே! சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்து மரமாகப் பாடிய கண்டலை மலையாளிகள் இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். தமிழ் படித்த நானோ அதை மறந்திருந்தேன்.

என்னைத் திருத்தியது கல்லேன் பொக்குடனின் வாழ்க்கை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து ஏழோம் ஊரில் புலையர் சமூகத்தில் பிறந்தவர்; இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; விவசாயத் தொழிலாளர் போராட்டங்களில் நின்ற பொதுவுடைமைத் தொண்டர். 1989இல் பழயங்காடி ஆற்றோரம் கண்டல் கன்றுகளை நடத் தொடங்கினார். கரைவழியே பள்ளி செல்லும் பிள்ளைகளைக் காற்றிலிருந்து காப்பதே அவரது முதல் நோக்கம். பின்னர் மாணவர்கள் அவரைத் தேடி வந்தனர், சதுப்பே வகுப்பறையாயிற்று. 2015இல் அவர் மறைந்தார்.

ஒன்றை மறைக்கலாகாது. சாதிப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டி அவர் இயக்கத்திலிருந்து விலகினார். அவர் நட்ட மரங்களைப் புகழ்ந்துவிட்டு, அவர் எழுப்பிய கேள்வியைக் கடந்து செல்வது நேர்மையன்று.

இன்றைய நிலை என்ன? ஒன்றிய அரசு 2019 சனவரியில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையைத் திருத்தியது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரையில் கட்டுமானத் தடை எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. தனியார் நிலத்துக் கண்டல் காடுகளுக்குக் காப்பு எல்லையே வேண்டாம் என்றாயிற்று. அதே அரசு 2023 நிதிநிலை அறிக்கையில் கண்டல் நடும் திட்டத்தை அறிவித்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது இதுதான்.

கன்றுகளின் எண்ணிக்கை மீட்பாகாது. ஓதம் வந்து செல்லும் ஓடை அடைபட்டிருந்தால் நட்டவை பட்டுப்போகும்; ஓடையைத் திறந்தால், அருகில் தாய்மரங்கள் இருக்குமிடத்தில், விதைகள் தாமே வந்து ஊன்றும். மட்டி பொறுக்கும் திறந்த சேற்றுவெளியில் ஒரே இன மரத்தை நிரப்புவது உழைப்போரின் வயிற்றில் அடிப்பதாகும்.

ஆகவே, மாணவத் தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஒரு சதுப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். வருவாய்ப் பதிவேட்டில் அதற்கு என்ன பெயர் என்று பாருங்கள். பின்னர் அங்கு இறங்கி உழைக்கும் பெண்களிடம் அதன் பெயரைக் கேளுங்கள். இரண்டு பெயர்களுக்கும் இடையிலுள்ள தொலைவே நமது பாடத்திட்டம்.