வரியைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள்



எனக்கு முன்னால் பேசிய தம்பி, பழைய டயர் வாங்குகிறவன் கஞ்சன் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். தம்பி, நான் ஸ்கூடாயில் 26 வருஷமாகப் பட்டறையில் வேலை செய்கிறேன். என்னிடம் பழைய டயர் கேட்டு வந்தவர்களில் கஞ்சர் யாரும் இல்லை. விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் வருகிறார். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் அம்மா வருகிறார். மாதக் கடைசியில் டயர் போனால் அவர்கள் புது டயருக்கு எங்கே போவார்கள்? அதனால் பழையதே வாங்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல வந்திருக்கிறேன். அது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் தங்கை குடும்பம் தைப்பூசத்துக்குப் பத்துமலை புறப்பட்டது. பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. நானே ஒரு கடையில் பழைய டயர் இரண்டு வாங்கி, நானே மாட்டினேன். வரி ஆழமாக, கறுகறுவென்று புதுசு போல இருந்தது. "சிங்கப்பூர் காடியோட டயர் அண்ணே, ஓடவே இல்ல" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. மாச்சாப் அருகே நெடுஞ்சாலையில் ஒரு டயரின் மேல்தோல் அப்படியே உரிந்துவிட்டது. கார் சுழன்று தடுப்பில் மோதியது. என் மருமகனுக்கு, 7 வயதுப் பிள்ளைக்கு, கை முறிந்தது. முருகன் புண்ணியத்தில் உயிர்கள் தப்பின.

பிறகு டயரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அதன் வயது 9. தேதி இருந்த பக்கத்தை உள்பக்கமாகப் போட்டு மாட்டியவன் நான்தான்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதன் முடிவில் நான்கு எண்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். மூன்றே எண்கள் என்றால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஓடாத டயர் எப்படிக் கிழமாகிறது? சிங்கப்பூரில் காருக்கான உரிமைச் சான்றிதழ் 10 வருஷத்துக்கு. அது முடிந்ததும் பல கார்களைக் கழித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட காரின் பின்பெட்டியில் கிடக்கும் ஸ்பேர் டயரை நினைத்துப் பாருங்கள். ரோட்டையே பார்த்திருக்காது, வயது மட்டும் 10. நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய ஜொகூர் இது, ரப்பரைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்? அலமாரியில் சும்மா கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் பட்டென்று அறுகிறதல்லவா? காற்றும் சூடும் ரப்பரைத் தின்றுவிடும். டயருக்குள் எஃகுக் கம்பி அடுக்குகளைப் பிடித்திருக்கும் ரப்பருக்கும் அதே கதிதான்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசைவிழா முடிந்து திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து மூவர் இறந்தார்கள். டயரின் வரி சட்டப்படி சரியாகவே இருந்தது. வயது 19க்கு மேல். இறந்த இளைஞர் ஒருவருக்கு வயது 18. அவருடைய தாயார் வருஷக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து அங்கே லாரி, பேருந்துகளின் முன் சக்கரங்களில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடத் தடை.

என் கணக்கு 5 வருஷம். அதற்கு மேல் போன பழைய டயரை எங்கள் பட்டறையில் மாட்டுவதில்லை. வயது சரியாக இருந்தாலும் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தால், பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் வேண்டாம். வரி 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டமே அனுமதிக்காது. கத்தியால் வரி வெட்டி ஆழமாக்கிய டயரும் வருகிறது, விளிம்பு பிசிறாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஹாஃப் கட் சாமான். ஜப்பானிலிருந்து காரின் முன்பாதியை வெட்டி அனுப்புகிறார்கள். புரோட்டோன் வீராவின் அடிப்படை மிட்சுபிஷி லான்சர் என்பதால் அந்த இஞ்சின் இதில் உட்காரும். கியர் பாக்ஸ், விளக்கு, கண்ணாடி, கதவு எல்லாம் தாராளமாக வாங்கலாம். இஞ்சின் என்றால் ரசீதும் சுங்கப் பத்திரமும் கேட்டு வாங்கி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் எண்ணை மாற்றிவிட வேண்டும்.

ஆனால் ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் பழையதில் வேண்டவே வேண்டாம். தக்காத்தா ஏர்பேக் செய்தி நினைவிருக்கும். உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட், நம் நாட்டுச் சூட்டிலும் ஈரக் காற்றிலும் வருஷம் போகப் போகக் கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே துண்டு துண்டாகச் சிதறடிக்கிறது. 2014இல் சரவாக், சிபுவில் மெதுவான மோதலில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தது இப்படிச் சிதறிய உலோகத் துண்டால்தான். பாதிக்கப்பட்ட கார்களைக் கம்பெனிகள் சேஸ் எண் வைத்துத் தேடி இலவசமாக மாற்றித் தருகின்றன. ஹாஃப் கட்டிலிருந்து ஸ்டீயரிங்கோடு கழற்றி உங்கள் காரில் போட்ட ஏர்பேக் எந்த எண்ணில் அகப்படும்? அதைத் தேடி எந்தக் கடிதமும் உங்கள் வீட்டுக்கு வராது.

என் தங்கை இன்றும் எங்கள் பட்டறைக்குத்தான் காரைக் கொண்டு வருகிறாள். டயர் மாட்டும் முன் அவளே குனிந்து அந்த நான்கு எண்களையும் படித்துவிட்டுத்தான், "சரி, போடுங்க அண்ணே" என்கிறாள்.